பத்து போச்சு

பழங்கார் மன்றத்தின் தலைவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பதினோரு வருடமாக அந்தப் பதவியில் இருப்பதற்கு அது ஒரு தடையாகவும் இருந்ததில்லை. மன்றக் கூட்டங்களுக்கு வாடகைக் காரில் வந்து இறங்குவார். வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு மற்றவர்களின் கார்களைத் தடவிப் பார்த்து, "இது வாகனம் அல்ல, வரலாறு" என்பார். எந்தக் காரைப் பார்த்தாலும் அதையேதான் சொல்வார் என்பதால் உறுப்பினர்களுக்குள் பொறாமையும் வந்ததில்லை.

அவர் ஒரு நாள் காலையில் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வெல்டரின் பட்டறைக்கு வந்தார். லாரியின் மேல் ஒரு கார். இரண்டு கதவு, உருண்டை விளக்குகள், சரிந்து இறங்கும் முதுகு. பாடிதான் பளபளத்தது. அடியில் சேஸிஸ் துருப்பிடித்துப் பொடிந்துகொண்டிருந்தது. எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பழைய போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. தலைவரின் அண்ணன் நாற்பது வருடம் வைத்திருந்த கார். அண்ணன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"மேலே பழைய உடல். கீழே புத்தம்புதுச் சட்டகம்," என்று தலைவர் கையை விரித்தார். "எஞ்சின் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நடுவில். மையப்பொறி வாகனம்! நம் மன்றத்தில் இதுவரை எவரும் நினைத்தும் பார்க்காதது."

வெல்டரின் மச்சினன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "எலிப்பொறி மாதிரியா மாமா?"

"சும்மா இருடா. சீட்டுக்குப் பின்னால, பின் சக்கரத்துக்கு முன்னால எஞ்சினை வைக்கச் சொல்றாரு."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"

மச்சினன் என்றால் வெல்டருடைய மனைவியின் தம்பி. தகர வேலை அவனுடையது. நசுங்கிய கதவைத் தட்டித் தட்டி, நசுங்கியதையே மறக்கச் செய்துவிடுவான். வெல்டர் ஒட்டுவார், அவன் தட்டுவான். ஒன்பது வருடமாக இப்படித்தான்.

லாரியிலிருந்து கடைசியாக இறங்கியவர் தலைவரின் அண்ணி. கார் இப்போது அவருடையது. பட்டறையை ஒரு சுற்று பார்த்துவிட்டு நேராக வெல்டரிடம் வந்தார்.

"எஞ்சினை எங்க வேணும்னாலும் வைங்க. பாடியை மட்டும் வெட்டாதீங்க."

"ஒரு கீறல்கூட விழாது அண்ணி," என்றார் தலைவர்.

"உங்ககிட்ட கேக்கல தம்பி. கையில மிஷின் வச்சிருக்கிறவர்கிட்ட கேக்கறேன்." பிறகு வெல்டரிடம், குரலை இறக்காமலே, சொன்னார். "அவரை ஆஸ்பத்திரியில நாலு தடவை வெட்டினாங்க. வயித்துல மூணு, முதுகுல ஒண்ணு. இதையாவது முழுசா விடுங்க."

பதில் தெரியாதபோது மனிதன் தேவைக்கு மேல் வாக்குக் கொடுத்துவிடுகிறான். "ஊசி முனைகூடப் படாதும்மா. இது என் பொறுப்பு," என்றார் வெல்டர். சொல்லும்போது அது உண்மையாகவும் இருந்தது. அந்தக் காரில் பின்சீட்டுத் தளம் போல்ட்டால் பிடித்த தனித்தகடு. அதைக் கழற்றிவிட்டால் எஞ்சினுக்கு வழி கிடைத்துவிடும். பாடிக்குப் பொருத்தமாக சேஸிஸைச் செய்துவிட்டால், தொப்பியைத் தலையில் வைப்பது போல மேலிருந்து இறக்கி வைக்க வேண்டியதுதான்.

பட்டறையில் ஒரு அளவு டேப் இருந்தது. நுனிக்கொக்கி என்றோ உடைந்துபோய், முதல் சில எண்களும் அழிந்திருந்தன. புதுசு வாங்கலாம், ஆனால் இருவருக்கும் இது பழகிவிட்டது. மச்சினன் ஒரு முனையில் பத்தாவது சென்டிமீட்டரைப் புள்ளியில் வைத்துப் பிடித்து, "பத்து போச்சு" என்று குரல் கொடுப்பான். மறுமுனையில் வெல்டர் கிடைத்த எண்ணிலிருந்து பத்தைக் கழித்து அட்டையில் எழுதிக்கொள்வார். இந்த இரண்டு சொல்லை நம்பி எத்தனையோ கேட்டுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் பஸ் கூரைகளும் சரியாக உட்கார்ந்திருக்கின்றன. வாசலில் 'மில்லிமீட்டர் பிசகாது' என்று பலகை மாட்டும் அளவுக்கு வெல்டருக்குத் துணிச்சலும் வந்திருந்தது.

மறுநாள் அளந்தார்கள். முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை. புது சேஸிஸுக்கு அந்த ஒரு எண்தான் உயிர். மச்சினனுக்கு அன்று கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கி, வாயில் எதையோ ஒளித்து வைத்தவன் போல இருந்தான். "பத்து போச்சு," என்றான். வெல்டருக்குத் தெளிவாகவே கேட்டது. டேப்பில் 264. அட்டையில் 264 என்று எழுதி, பக்கத்தில் கழித்தல் குறியும் போட்டார்.

அப்போதுதான் தலைவர் அனுப்பிய போட்டோக்காரர் உள்ளே வந்தார். "மாஸ்டர், அப்படியே திரும்புங்க. கையில ஒரு சுத்தியல் எடுத்துக்குங்க."

சுத்தியல் மச்சினனுடைய கருவி. வெல்டர் வாங்கிக்கொண்டார்.

"வயித்தை உள்ள இழுங்க மாஸ்டர்." இழுத்தார். "தூரத்துல பாத்து ஏதோ யோசிக்கிற மாதிரி நில்லுங்க." யோசிக்கிற மாதிரி நின்றார். யோசிக்கவில்லை. ஏழெட்டுப் படம் எடுத்து முடிந்தபோது, கழித்தல் குறி கழிக்க எதுவுமில்லாமல் அட்டையில் அப்படியே நின்றது. அந்த 264-இல்தான் சேஸிஸ் உருவானது.

இரண்டு மாத வேலை. சதுரக் குழாய்களை வெட்டி, சேர்த்து, மூலைக்கு மூலை தாங்கல் வைத்து ஒட்டினார்கள். விபத்தில் முன்பக்கம் போன ஒரு புதுக் காரிலிருந்து எஞ்சினும் கியர் பெட்டியும் வந்தன. அவற்றைப் பின் அச்சுக்கு முன்னால் தொங்கவிட்டு உட்கார வைத்தபோது, சீட்டின் முதுகுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கை தாராளமாக நுழைந்தது.

"இறுக்கமா இருக்கும்னு பயந்துக்கிட்டே இருந்தேன் மாமா. இவ்வளவு இடம் எப்படி வந்துச்சு?"

"கணக்குப் போட்டுச் செஞ்சா வரும்டா," என்றார் வெல்டர்.

மன்றத்தின் கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பாடியைச் செயின் பிளாக்கில் தூக்கி, சேஸிஸின் மேல் இறக்கினார்கள். வெல்டர் சங்கிலியை விட்டார். மச்சினன் குனிந்து சுற்றிச் சுற்றி வந்தான். முன் சக்கரங்கள் மட்கார்டு வளைவுக்குள் அளவெடுத்துத் தைத்தது போல நுழைந்தன.

"மெதுவா... மெதுவா மாமா... நிறுத்துங்க! நிறுத்துங்க!"

பின் டயர் மட்கார்டு வளைவின் பின்விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. வளைவுக்கு முன்னால் காலி இடம். பின்னால் இடமே இல்லை.

"எவ்வளவுடா?"

மச்சினன் டேப்பை எடுக்கவேயில்லை. அளவைக் கண்ணாலேயே சொல்கிறவன். "பத்து."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் வெல்டருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அட்டை, கழித்தல் குறி, சுத்தியல், உள்ளே இழுத்த வயிறு. தெரிந்த அதே நொடியில் அவர் வாய் அவரைக் கேட்காமலேயே முந்திக்கொண்டது.

"அன்னைக்கு நீ என்னடா சொன்ன?"

"எப்ப மாமா?"

"அளந்தப்ப."

"பத்து போச்சுன்னு... சொன்னேனே?"

"சொன்னியா?"

மச்சினன் நிமிர்ந்தான். பிடுங்கிய பல் இருந்த பக்கத்துக் கன்னத்தைத் தன்னையறியாமல் தடவினான். "அன்னைக்கு வலியில உயிர் போச்சு மாமா. ஒருவேளை பல்லு போச்சுன்னு சொல்லித் தொலைச்சிட்டேனோ?"

சிரித்திருக்க வேண்டிய இடம் அது. இருவரும் தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்து, அதன் பிறகு உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெல்டர் சிரிக்கவில்லை.

"அப்படித்தான் என் காதுல விழுந்துச்சு," என்றார்.

மச்சினன் அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அந்தம்மா முகத்துல எப்படி மாமா முழிக்கிறது?" என்று கேட்டான். பிறகு, "சேஸிஸைக் குறைச்சிடலாம். சீட்டுக்குப் பின்னால இருக்கிற அந்தக் காலி இடத்துல பத்தை எடுத்துட்டுத் திரும்ப ஒட்டிடலாம்," என்றான். அதுதான் சரியான வழி. அதற்கு எஞ்சினை இறக்க வேண்டும், தண்ணீர்க் குழாய், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எல்லாவற்றையும் புதிதாக இழுக்க வேண்டும். மூன்று வாரம்.

வெல்டர் தலைவருக்குப் போன் செய்தார். கண்காட்சியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று, சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது போலக் கேட்டார்.

"நூற்றைம்பது அழைப்பிதழ் அனுப்பியாயிற்று," என்றார் தலைவர். "முகப்பில் என்ன தெரியுமா? 'ஒரு வெட்டும் விழாத உடல், ஒப்பற்ற மையப்பொறி.' உள்ளே உங்கள் படமும் இருக்கிறது. சுத்தியலோடு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையின் ஷட்டரை இறக்கிக்கொண்டு வெட்டினார்கள். இரண்டு பக்கமும் வளைவைப் பத்து சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினால் டயர் அடங்கிவிடும். வெல்டர் வெட்டும் மிஷினை எடுத்தார். மச்சினன் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"என் தப்பு மாமா. நானே செய்யறேன். நீங்க அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவரு, உங்க கையால வேண்டாம்."

வெல்டர் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார். தகரம் கத்தியது. முதல் வெட்டு முடிந்ததும் மச்சினன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொறி பட்டுருச்சு," என்றான். பாதுகாப்புக் கண்ணாடி போட்டவன் கண்ணில் பொறி படாது என்பது இருவருக்கும் தெரியும். பிறகு வெல்டர் ஒட்டினார். மச்சினன் தட்டினான், தேய்த்தான், மயிரிழை கனத்துக்குப் பள்ளம் நிரப்பும் பட்டி பூசினான், மறுபடி தேய்த்தான். பெயிண்ட் அடித்து முடித்தபோது, அந்தக் கார் பிறந்ததே அப்படித்தான் என்று சத்தியம் செய்யலாம். அவன் வாழ்க்கையில் செய்த மிக நல்ல வேலை அது. அதை யாரிடமும் காட்ட முடியாது.

அதற்குப் பிறகு மச்சினன் மாறிப்போனான். வேறு வேலைகளுக்கு அளக்கும்போது, "பத்து போச்சு" என்று கத்துவான். வெல்டர் எழுதுவதற்குள் மறுபடி, "ப... த்... து. கேட்டுச்சா மாமா?" என்பான்.

"கேட்டுச்சுடா."

"பத்துதானே கேட்டுச்சு?"

"ஆமாடா."

ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படிக் கேட்டான். ஒரு ஜன்னல் கம்பிக்குக்கூட. வெல்டர் ஒவ்வொரு தடவையும் அட்டையைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

வீட்டில் மனைவி விடவில்லை. "என் தம்பிக்கு என்ன ஆச்சு? டாக்டர்கிட்டப் போய்க் காதைக் காட்டலாமா, நாக்கைக் காட்டலாமான்னு கேக்கறான். என்னை எதிர்ல உக்கார வச்சு ஏதேதோ சொல்லி, பேச்சு குளறுதான்னு அஞ்சு தடவை கேட்டான்."

"வேலையில சின்னப் பிசகு. அதையே நினைச்சுக்கிட்டிருக்கான்."

"நீங்க ஏதாவது திட்டினீங்களா?"

"ஒரு வார்த்தை திட்டல."

"திட்டலையாமே, அவனும் சொன்னான். 'வேற யாராவதா இருந்தா என்னை அடிச்சே துரத்தியிருப்பாங்கக்கா, மாமா தங்கம்'னு." மனைவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அந்த வாரம் முழுவதும் தங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

கண்காட்சி ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. பந்தலுக்குக் கீழே நாற்பது கார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் சொந்தக்காரர், எதையோ தானே கண்டுபிடித்த முகத்தோடு. மன்ற உறுப்பினர்கள் சட்டைப்பையில் ஆளுக்கொரு காந்தம் வைத்திருந்தார்கள். அடுத்தவர் காரில் பேசிக்கொண்டே அதை ஒட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். காந்தம் ஒட்டாமல் நழுவினால் உள்ளே தகரம் இல்லை, வெறும் பட்டி என்று அர்த்தம். மூன்று பேர் வந்து அண்ணியின் காரில், சரியாகப் பின் மட்கார்டிலேயே, வைத்துப் பார்த்தார்கள். மூன்று முறையும் காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. மச்சினன் பொய்யைக்கூட நல்ல தகரத்தில் செய்திருந்தான்.

தலைவர் மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் பேசினார். எஞ்சின் நடுவில் இருப்பதால் கார் நடுநிலையோடு ஓடும் என்றார். பிறகு, "ஒரு வெட்டுமில்லாமல் இந்த உடலைக் காத்த கைகள் இங்கே இருக்கின்றன!" என்று பந்தலின் ஓரத்தைக் காட்டினார். கைதட்டல். அவர் காட்டிய இடத்தில் டீக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரும் ஒரு மரியாதைக்குக் கும்பிட்டுக்கொண்டார். முதல் பரிசு அந்தக் காருக்கே. கோப்பையைத் தலைவர் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது அண்ணி காரின் பக்கத்தில் நின்றிருந்தார். மச்சினனைக் கூப்பிட்டார், வெல்டரும் போனார். அண்ணி மச்சினனின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முழுசா வச்சிருக்கீங்க. அவர் இருந்திருந்தா உங்களைக் கட்டிப் பிடிச்சிருப்பாரு."

மச்சினனின் முகம் சுருங்கியது. வெல்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். இவன் சொல்லிவிடப்போகிறான் என்று தெரிந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். வெட்டிட்டோம்மா. என் தப்புதான். அளவு சொல்றப்ப வாய் குளறி..."

"அவன் இல்லம்மா," என்றார் வெல்டர். "நான்."

"மாமா, நீங்க பேசாம இருங்க." மச்சினன் அண்ணியிடம் திரும்பினான். "இவர் இப்படித்தாம்மா. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாரு."

அண்ணி வெல்டரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. வெல்டர் ஒரு நொடி அதில் நின்றார். அப்படியே விட்டிருக்கலாம். உண்மையையும் சொன்னதாகிவிடும், நல்லவர் என்ற பெயரும் மிஞ்சும். இதைவிடச் சுலபமான இடம் அவருக்கு இனிமேல் கிடைக்காது.

"டேய், நீ பத்து போச்சுன்னுதான் சொன்ன," என்றார். "பல்லு இல்ல. பத்து. நான் கழிக்கப்போனேன், அந்த போட்டோக்காரன் வந்தான். சுத்தியலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மறந்துட்டேன்."

மச்சினன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

மச்சினன் தன் கையை அண்ணியின் கைகளிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டான்.

அண்ணி மட்கார்டின் பக்கம் குனிந்தார். "எங்க?" வெல்டர் காட்டினார். அண்ணி விரலால் தடவினார், ஒன்றும் தட்டுப்படவில்லை. "அந்தப் பக்கமும்?"

"அந்தப் பக்கமும்."

"அவரை வெட்டறப்ப ஒவ்வொரு தடவையும் என்கிட்டக் கையெழுத்து வாங்கினாங்க," என்றார் அண்ணி. "நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"மூணு வாரம் குடுங்கம்மா. சேஸிஸைக் குறைச்சிடறேன். வளைவையும் பழைய இடத்துக்கே..."

"அதுக்குத் திரும்பவும் வெட்டணுமில்ல?"

"ஆமாம்மா."

"வேண்டாம்."

தலைவர் கோப்பையோடு வந்து சேர்ந்தார். "என்ன அண்ணி, இங்கேயே நின்றுவிட்டீர்கள்? படம் எடுக்கக் காத்திருக்கிறார்கள்."

"வெட்டியிருக்காங்களாம் தம்பி."

தலைவர் நாலு பக்கமும் பார்த்தார். செந்தமிழ் ஒரே மூச்சில் இறங்கிப்போனது. "ஐயோ, மெதுவா பேசுங்க அண்ணி! காந்தம் வச்சுக்கிட்டுத் திரியறானுங்க. வெட்டுன்னு ஏன் சொல்றீங்க? லேசா சரிபண்ணதுன்னு வச்சுக்கலாமே?"

"நீங்க கப்பை வச்சுக்குங்க," என்றார் அண்ணி. "வண்டி இன்னைக்கே என் வீட்டுக்கு வரணும். இனிமே அதுல யாரும் கை வைக்க வேண்டாம்." முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து சாத்திக்கொண்டார். தலைவர் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு லாரிக்காரரைத் தேடிப் போனார்.

மச்சினன் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் வாசல் பக்கம் நடந்தான். வெல்டர் பின்னாலேயே போனார். கூப்பிட என்ன சொல் பொருத்தம் என்று தெரியாமல் பாதி தூரம் சும்மாவே நடந்தார்.

"மாப்ளே."

அவன் நின்றான், திரும்பவில்லை.

"ரெண்டு வாரம்," என்றான். "கண்ணாடி முன்னால நின்னு பத்து பத்துன்னு சொல்லிப் பாத்தேன். அக்காவை எதிர்ல உக்கார வச்சுப் பாத்தேன். என் பொண்ணு சிரிக்குது, அப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு."

"தப்புதான்டா. சொல்லணும்னு தினமும் நினைச்சேன்."

"நீங்க மறந்ததை நான் பெருசா எடுத்துக்கல. யார் வேணாலும் மறப்பாங்க." பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். வெல்டர் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை.

"வா, வீட்டுக்குப் போலாம். அக்காகிட்ட நானே சொல்றேன்."

"நீங்க போங்க. எனக்குப் பஸ் இருக்கு."

"நாளைக்கு வேலைக்கு வருவியாடா?"

மச்சினன் இப்போதுதான் திரும்பிப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால் வெல்டர் எப்படியாவது தாங்கியிருப்பார். முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவனின் பணிவோடு கேட்டான்.

"வரேன். எத்தனை மணிக்கு வரணும், சார்?"